கருமொழியாரின் குழாய்

பிறந்த குழந்தை வாய் திறந்து பேச வருடக் கணக்கில் ஆகும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் அப்பாவிகள், அந்தப் பழைய மெத்தைக் கடைக்கு ஒரு நடை போய்ப் பார்த்திருக்க வேண்டும். அங்கே பிறக்காத குழந்தையே பேசியது. மழலை கிழலை எல்லாம் கிடையாது. தங்குதடையில்லாமல், ஒலிபெருக்கியில் பேசியது.

கடையில் மெத்தை விற்பதை நிறுத்திவிட்டார்கள். இப்போது அங்கே நம்பிக்கை விற்பனை. வியாபாரம் பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. இரண்டுமே மனிதரைத் தூங்க வைக்கிற சரக்குதான்.

விற்பவரின் பெயர் கருமொழியார். கருவில் இருக்கும் குழந்தையின் மொழியை உலகத்திலேயே அவர் ஒருவர்தான் படித்திருந்தார். எங்கே படித்தார், யாரிடம் படித்தார், தேர்வு யார் வைத்தார் என்றெல்லாம் யாரும் கேட்கவில்லை. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க வருகிறவனிடம் முன் அனுபவம் உண்டா என்று துருவித் துருவிக் கேட்பவர்கள்தான் அவர்கள்.

ஏற்பாடு எளிமையானது. கூடத்தின் முன்பக்கம் ஒரு நீலத் திரை. திரைக்குப் பின்னால் கருமொழியார். ஆண் முகத்தைக் கண்டால் குழந்தை கூச்சப்படுமாம், அதனால் அவர் வெளியே வருவதில்லை. திரையில் ஓர் ஓட்டை. ஓட்டை வழியாக ஒரு நீண்ட ரப்பர் குழாய். குழாயின் நுனியில் பளபளவென்று ஒரு பித்தளைப் புனல். கர்ப்பிணி நாற்காலியில் உட்கார்ந்து புனலைத் தன் வயிற்றில் வைத்துக்கொள்வாள். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு ஒலிபெருக்கியில், ஒரு பெரிய மனிதர் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசினால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு கீச்சுக் குரல் வரும். “அம்மா... நான்தான் பேசறேன்...”

கூட்டம் உருகி வழியும்.

கூட்டத்தை மேய்ப்பதற்கு ஒரு டோக்கன் அம்மா இருந்தாள். டோக்கன் கொடுப்பதோடு அவள் நிறுத்திக்கொள்வதில்லை. வரிசையில் ஒவ்வொருத்தியின் பக்கத்திலும் உட்கார்ந்து, தலையைக் கோதி, “என்னம்மா பண்ணுது? வீட்டுல எல்லாரும் நல்லா பாத்துக்கறாங்களா? மாமியார் எப்படி?” என்று பாசமாக விசாரிப்பாள். விசாரித்து முடித்ததும் ஐயாவுக்குத் தண்ணீர் கொடுக்கத் திரைக்குப் பின்னால் போவாள். ஐயாவுக்கு ஓயாமல் தாகம் எடுத்தது. ஒவ்வொரு டோக்கனுக்கும் ஒரு முறை எடுத்தது. அதையும் யாரும் கவனிக்கவில்லை.

கவனித்தவள் ஒரே ஒரு கர்ப்பிணி மட்டும்தான். அவளை வீட்டில் ‘புகார்ப்பெட்டி’ என்று கூப்பிடுவார்கள்.

குளிர்சாதனப் பெட்டி செய்யும் நிறுவனத்தில், தொலைபேசியில் புகார் கேட்பது அவள் வேலை. நாள் முழுக்கக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, “என்ன சத்தம் வருதுங்க? கிர்ருன்னா, டக்குன்னா?” என்று கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் வேலையில் இரண்டே பதில்தான். ஒன்று, “அது சாதாரணம்தாங்க, பயப்படாதீங்க.” மற்றது, “உடனே ப்ளக்கைப் பிடுங்குங்க, ஆளை அனுப்பறேன்.” எதற்கு எந்தப் பதில் என்பது அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். வீட்டிலும் உப்புக் குறைந்தால் சொல்லுவாள், கதவு கிறீச்சிட்டால் சொல்லுவாள். மாமியார் வைத்த பட்டப்பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

கணவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். வீட்டுக்குள் அவனே ஒரு லிஃப்ட். யார் பொத்தானை அழுத்துகிறார்களோ அந்த மாடிக்குப் போவான். அம்மா அழுத்தினால் அம்மா மாடி, மனைவி அழுத்தினால் மனைவி மாடி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழுத்தினால் நடுவில் நின்றுவிடுவான்.

மாமியார் சலவைக் கடை வைத்திருந்தாள். ஊரார் துணியில் இருக்கும் எந்தக் கறையும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அவள் கருமொழியாரிடம் விழுந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அவளுடைய அக்கா பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனவள், திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து ஆஸ்பத்திரி வாசலைக் கண்டாலே மாமியார் எதிர்ப்பக்கம் போய்விடுவாள். கருமொழியாரோ ஒவ்வொரு முறையும் அவள் கேட்க விரும்பியதையே சொன்னார். “பாட்டி, எனக்கு ஒண்ணும் இல்லை. நான் சுகமா இருக்கேன்.” இதைவிட வேறென்ன வேண்டும்?

கருமொழியாரிடம் ஓர் அகராதி இருந்தது. காகிதத்தில் இல்லை, மூக்கில். கர்ப்பிணிக்குக் கை கால் முகம் வீங்கினால், குழந்தையின் அதிர்ஷ்டம் பொங்குகிறது. தலை பிளந்தால், குழந்தைக்கு மூளை வளர்கிறது. ரத்தம் பட்டால், குழந்தை தன் அறையைக் கழுவுகிறது. குழந்தை அசையாமல் கிடந்தால், தியானத்தில் இருக்கிறது. அந்த அகராதியில் ‘ஆபத்து’ என்ற சொல்லே கிடையாது. இருந்திருந்தால் அடுத்த வாரக் கூட்டம் குறைந்திருக்கும்.

முதல் முறை மாமியார் இழுத்துக்கொண்டு போனபோதே புகார்ப்பெட்டிக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவளின் குழந்தை, “இங்க தனியா வசதியா இருக்கேன், காலை நீட்டிப் படுத்திருக்கேன்” என்று பேசி முடித்தது. அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“ஐயா, ஸ்கேன்ல ரெட்டைக் குழந்தைன்னு சொன்னாங்களே?”

ஒலிபெருக்கி கொஞ்சம் திணறியது. பிறகு கருமொழியாரின் சொந்தக் குரல் கணீரென்று வந்தது. “அண்ணன் பேசும்போது தம்பி குறுக்கே பேச மாட்டான். மரியாதை தெரிஞ்ச பிள்ளை!”

“ஆகா!” என்றது கூட்டம். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறக்கும் முன்பே இவ்வளவு மரியாதையா! பிறந்த பிறகு எத்தனை பிள்ளைகளுக்கு இது இருக்கிறது!

புகார்ப்பெட்டி சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. எதிர் வீட்டு ரொட்டிக் கடைக்காரரின் மருமகள், குழந்தை அசையவில்லை என்று சொல்லிக் கருமொழியாரிடம் போனாள். தியானம் என்றார். மறுநாளும் போனாள். ஆழ்ந்த தியானம் என்றார். அந்தக் குழந்தை தியானத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லை. ஊர் என்ன சொன்னது தெரியுமா? “இவ புனலைச் சரியா வச்சிருக்க மாட்டா.” பிள்ளையைப் பறிகொடுத்தவள் மேலேயே பழியையும் போட்டார்கள். அன்று புகார்ப்பெட்டிக்குக் கோபத்தில் சோறு இறங்கவில்லை.

பரிசோதனைக்குப் போயிருந்தபோது நர்ஸ் அவளுக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தாள். “மாத்திரைக்கும் அடங்காத தலைவலி, கண்ணுக்கு முன்னாடி பூச்சி பறக்கிறது, முகமும் கையும் திடீர்னு வீங்கறது, விலாவுக்குக் கீழ வலி. இதுல எது வந்தாலும் ரத்த அழுத்தம் எகிறுதுன்னு அர்த்தமா இருக்கலாம். ரத்தம் பட்டாலோ, பனிக்குடம் உடைஞ்சாலோ, காய்ச்சல் அடிச்சாலோ, குழந்தை அசையறது குறைஞ்சாலோ அதுவும் ஆபத்துதான். நல்ல நேரம் பாக்காதே, நாலு பேர்கிட்ட யோசனை கேக்காதே. கிளம்பி வந்துடு. ஒண்ணுமில்லாம திரும்பிப் போனா சிரிச்சுக்கிட்டே போகலாம்.”

புகார்ப்பெட்டிக்கு இது சட்டென்று விளங்கிவிட்டது. இதெல்லாம் ப்ளக்கைப் பிடுங்குகிற வகை.

அந்த நாள் வந்தது. காலையில் வளையல் கையில் ஏறவில்லை. கண்ணாடியில் பார்த்தால் முகம் யாருடையதோ போல இருந்தது. அலுவலகத்தில் மாத்திரை போட்டும் தலைவலி குறையவில்லை. மதியம் கணினித் திரையில் மினுக்மினுக்கென்று பொட்டுகள் பறக்க ஆரம்பித்தன. திரையிலிருந்து கண்ணை எடுத்துச் சுவரைப் பார்த்தாள். சுவரிலும் பறந்தன.

கணவனுக்குப் போன் செய்தாள். “உடனே வண்டியைக் கொண்டு வாங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

வண்டி வந்தது. பின்சீட்டில் மாமியாரும் வந்தாள். ஆஸ்பத்திரி இருக்கும் சாலைக்குத் திரும்ப வேண்டிய வண்டி, மெத்தைக் கடைச் சாலைக்குத் திரும்பியது.

“எங்க போறோம்?”

“போற வழிதானேம்மா,” என்றாள் மாமியார். “குழந்தைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிடலாம்.”

“போற வழி இல்லை அத்தை. எதிர்ப்பக்கம்.”

“அம்மா சொல்றாங்கல்ல...” என்றான் லிஃப்ட்.

“அத்தை, போன மாசம் நம்ம வீட்டு ஃப்ரிட்ஜ் டக்கு டக்குன்னு சத்தம் போட்டப்போ என்ன பண்ணீங்க? என் ஆபீசுக்கே போன் மேல போன் போட்டு, ஆள் வர்ற வரைக்கும் வாசல்லயே நின்னீங்க. ஃப்ரிட்ஜுகிட்ட யாராவது குழாய் வச்சுக் கேட்டீங்களா?”

“ஃப்ரிட்ஜும் நீயும் ஒண்ணா?”

“இல்லையே. ஃப்ரிட்ஜுக்கு உடனே ஆள் வந்துச்சு.”

வண்டி மெத்தைக் கடை வாசலில் நின்றது. இறங்கி வேறு வண்டி பிடித்துத் தனியாகவே போய்விடலாமா என்று புகார்ப்பெட்டி தெருவைப் பார்த்தாள். தெரு முழுக்க வரிசையில் வந்தவர்களின் வண்டிகள்தான். உள்ளிருந்து டோக்கன் அம்மா ஓடி வந்தாள். முகத்தைப் பார்த்ததும், “அடடா, என்ன அதிர்ஷ்டம், என்ன அதிர்ஷ்டம்! மொகமெல்லாம் பொங்கியிருக்கே!” என்று கன்னத்தை வழித்தாள். மாமியார் தலைவலி, பூச்சி, வீக்கம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அவசரம் என்பதால் வரிசையைத் தாண்டி அழைத்துப் போனார்கள். ஆபத்து என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அவசரம் என்று மட்டும் ஒப்புக்கொள்வார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்தபோது புகார்ப்பெட்டியின் தலைக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பது போலிருந்தது. பக்கத்தில் சுவரோரமாக ஒரு பழைய ஃப்ரிட்ஜ். கருமொழியார் ஓதிக் கொடுக்கும் ‘அமைதி நீர்’ பாட்டில்களைக் குளிர வைப்பது அதில்தான். அது டக்கென்று ஒரு சத்தம் போட்டது. உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கியது. நின்றது. மறுபடி டக். லேசாக ரப்பர் கருகும் வாடை.

தலைவலியிலும் அவளுக்குத் தொழில் மறக்கவில்லை. “டோக்கனம்மா, இந்த ஃப்ரிட்ஜ் ப்ளக்கைப் பிடுங்குங்க. இது போகப் போகுது.”

“ஐயா உத்தரவில்லாம இங்க எதையும் தொடக் கூடாதும்மா,” என்று சொல்லிவிட்டு டோக்கன் அம்மா திரைக்குப் பின்னால் போனாள். ஐயாவுக்குத் தாகம்.

புகார்ப்பெட்டி கையில் இருந்த பித்தளைப் புனலைப் பார்த்தாள். ஃப்ரிட்ஜைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள். இங்கிருந்து எழுந்து போனால், போகிற வழியெல்லாம் வாக்குவாதம்தான். இதை இங்கேயே முடித்துவிட வேண்டும்.

கையை நீட்டிப் புனலை ஃப்ரிட்ஜின் வயிற்றில் பொருத்தினாள்.

மாமியார் வாயைத் திறந்தாள். மருமகள் உதட்டில் விரலை வைத்தாள். கூடம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. திரைக்குப் பின்னால் இருந்தவர் மட்டும் பார்க்கவில்லை.

ஃப்ரிட்ஜ் கர்ரென்றது. ஒலிபெருக்கி உயிர் பெற்றது.

“அம்மா... நான்தான் பேசறேன்... நான் சுகமா இருக்கேன். இங்க இதமா, வெதுவெதுன்னு இருக்கு.”

வரிசையில் யாரோ ‘களுக்’கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“அம்மாவுக்குத் தலைவலியா? அது என் மூளை வளர்ற வலி. முகம் வீங்கியிருக்கா? என் அதிர்ஷ்டம். கண்ணுல பூச்சி பறக்குதா? அது பூச்சி இல்லை, என் புகழ். ஆஸ்பத்திரிக்கு மட்டும் என்னைக் கொண்டு போயிடாதீங்க. அந்த வெளிச்சம் எனக்கு ஆகாது. நான் இருட்டுல இருக்கிற உயிர்.”

புகார்ப்பெட்டி ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தாள். உள்ளே விளக்குப் பளிச்சென்று எரிந்தது. கூடம் கொல்லென்று சிரித்தது.

சிரிப்பைப் பக்தி என்று எடுத்துக்கொண்ட ஒலிபெருக்கி மேலும் குழைந்தது. “பாட்டி! உங்களைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். எனக்கு உங்க ஜாடைதான் பாட்டி!”

மாமியார் ஃப்ரிட்ஜை மேலும் கீழும் பார்த்தாள். துருப்பிடித்த மூலை. கழன்று தொங்கும் கைப்பிடி. நாலு பக்கமும் ஒழுகும் தண்ணீர்.

“இதுக்கு நான் பாட்டியா?” என்றாள். “இதுக்கு என் ஜாடையா?”

அந்த நேரம் பார்த்து ஃப்ரிட்ஜ் கடைசியாக ஒரு முறை குலுங்கியது. படாரென்று ஒரு சத்தம். பின்பக்கத்திலிருந்து குபுகுபுவென்று புகை. கூடத்தில் விளக்குகள் அணைந்தன. சுகமாக, இதமாக, வெதுவெதுப்பாக இருந்த குழந்தை, ஆஸ்பத்திரிக்குப் போகாமலே போய்ச் சேர்ந்தது.

டோக்கன் அம்மா அலறிக்கொண்டு ஓடி வந்ததில் திரை காலில் மாட்டி, கம்பியோடு கீழே விழுந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் எல்லாரும் பார்த்தார்கள்.

குழாயின் மறுமுனை கருமொழியாரின் காதில் இல்லை. சுவரில் ஓர் ஆணி அடித்து, அதில் மாட்டியிருந்தது. இத்தனை காலமும் இத்தனை குழந்தைகள் பேசியதையெல்லாம் அந்த ஆணிதான் கேட்டிருக்கிறது. கருமொழியார் ஒரு கையில் மைக்கும் மறு கையில் பிஸ்கட்டுமாக, காலைத் தூக்கி முக்காலியில் வைத்து உட்கார்ந்திருந்தார். முழங்காலில் கட்டு. பக்கத்து மேசையில் ஆஸ்பத்திரி மருந்துப் பை. தன் முழங்கால் என்ன சொல்கிறது என்று கேட்க அவர் யாரிடமும் குழாய் தேடிப் போகவில்லை. நேரே எலும்பு டாக்டரிடம் போயிருக்கிறார்.

“அது வந்து...” என்று எழுந்தார். “சத்தம் ஆணி வழியாத்தான் வரும். இரும்பு நல்லா கடத்தும்.”

நம்புங்கள், அதற்கும் இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

புகார்ப்பெட்டி எழுந்து நின்றாள். நிற்கும்போது கண் இருட்டியது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். “அத்தை. எனக்குத் தலை வெடிக்குது. கண்ணு சரியாத் தெரியலை. இது என் வயித்துல இருக்கிறது சொல்லலை, அந்த ஆணி சொல்லலை. நான் சொல்றேன். கேக்குதா?”

மாமியாருக்குக் கேட்டது. முதல் முறையாகக் கேட்டது.

“வண்டியை எடுடா!” என்று மகன் மேல் பாய்ந்தாள். அன்றுதான் லிஃப்டுக்கு இரண்டு பொத்தானும் ஒரே மாடிக்கு அழுத்தப்பட்டன. அவன் பறந்தான்.

வாசலை நோக்கிப் போகும்போது வரிசையில் ஒரு பெண் புகார்ப்பெட்டியின் முந்தானையைப் பிடித்தாள். காதோரம் கிசுகிசுத்தாள். “அக்கா... எனக்கும் நேத்துலேருந்து அசையவே இல்லை. நேத்து கேட்டப்போ தியானம்னு சொன்னாங்க...”

“ஏறும்மா வண்டியில,” என்றாள் மாமியார். “தியானமாம் தியானம்!”

ஆஸ்பத்திரியில் நர்ஸ் புகார்ப்பெட்டியின் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள். பிறகு பேச்சை நிறுத்திவிட்டு வேகமாக நடந்தாள். அடுத்த நொடியே டாக்டர் வந்தார், ஊசி வந்தது, கட்டில் வந்தது. கூட வந்த பெண்ணின் வயிற்றிலும் ஒரு கருவியை வைத்தார்கள். குதிரை ஓடுவது போல ‘தடதட’ என்று கேட்க வேண்டிய சத்தம் மெதுவாகக் கேட்டது. அவளை நேரே அறுவை அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பொழுது சாய்வதற்குள் அவளுடைய பிள்ளை, மொழிபெயர்ப்பாளர் யாரும் தேவைப்படாத மொழியில் வீறிட்டு அழுதது.

மாமியார் டாக்டரிடம் மெதுவாகச் சொன்னாள். “எங்க அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்துதான் போனா டாக்டர். அதனாலதான் எனக்கு பயம்.”

“எப்போ கூட்டிட்டு வந்தாங்க?”

மாமியார் கையைப் பிசைந்தாள். “தலைவலின்னு சொல்லிக்கிட்டே இருந்தா. வலிப்பு வந்த பிறகுதான் தூக்கிட்டு ஓடினோம்.”

மாமியார் பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, அக்காவுக்காக இத்தனை வருடம் கழித்து ஒழுங்காக அழுதாள். அக்காவைக் கொன்றது ஆஸ்பத்திரி வாசல் இல்லை, அந்த வாசலுக்கு வந்து சேர்ந்த தாமதம் என்று அவளுக்கு அன்றுதான் உறைத்தது.

புகார்ப்பெட்டியைப் பல நாள் மருந்தும் கண்காணிப்புமாக வைத்திருந்து, நாள் நிறைவதற்கு முன்பே குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. உள்ளங்கை அகலத்துக்கு முதுகு. கண்ணாடிப் பெட்டிக்குள், விளக்கு வெளிச்சத்தில், இதமான சூட்டில் படுக்க வைத்தார்கள். வெளிச்சம் ஆகாது என்று அது யாரிடமும் முறையிடவில்லை. அது முறையிட்டதெல்லாம் பசிக்காகத்தான்.

“குழந்தை என்ன சொல்லுது?” என்று பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரி பழக்க தோஷத்தில் கேட்டாள்.

“பால் கேக்குது. அதைத் தெரிஞ்சுக்கக் குழாயும் ஆணியும் வேணுமா?” என்றாள் மாமியார். பிறகு பேத்தி கத்துவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்படியே அம்மா மாதிரி. புகார்ப்பெட்டி,” என்றாள். இந்த முறை அந்தப் பெயரில் குத்தல் இல்லை, பெருமைதான் இருந்தது.

மெத்தைக் கடை இழுத்து மூடப்பட்டது. கருமொழியார் இப்போது வேறு ஓர் ஊரில், வீட்டுச் சுவர்கள் பேசுவதை மொழிபெயர்க்கிறாராம். கூட்டத்துக்குக் குறைவில்லையாம்.

இருக்கட்டும். அந்தக் கூட்டத்தில் நிற்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி. வாய் திறக்காத பிள்ளை என்ன சொல்கிறது என்று கேட்க, குழாய் வைத்து, வரிசையில் நின்று, மூச்சுவிடாமல் காத்திருந்தீர்களே, வாய் இருக்கிற தாய் “எனக்கு முடியலை” என்று சொன்னபோது, ஐயா, உங்கள் காதை எந்த ஆணியில் மாட்டி வைத்திருந்தீர்கள்?